கொழும்பிலிருந்து கோச்சடைக்கு: வெயில் நாட்டில் நவீனக் கட்டடம் வந்த கதை

சித்திரை பிறந்த ஓரிரு நாளில், மதுரையில் நடுப்பகலில் நம் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஏறக்குறைய 10 டிகிரி வடக்கு அட்சரேகையில் ஊர் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலுமாக ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நேரத்தில் எந்தச் சுவரின் மீதும் வெயில் விழாது; மொத்தமும் கூரையின் தலையில்தான். மாலையானால் அதே வெயில் சாய்ந்து மேற்குச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். கூரையையும் மேற்குச் சுவரையும் என்ன செய்தார்கள் என்று கேட்டாலே போதும், நம் ஊரில் ஒரு வீட்டுக்குள் மனிதர் நிம்மதியாக இருக்க முடியுமா முடியாதா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

நவீனக் கட்டடக்கலை பிறந்த ஊர்களில் கணக்கே வேறு. 1920களின் ஜெர்மனியிலும் பிரான்சிலும் வெயில் தேடிப் போய் வாங்க வேண்டிய பொருளாக இருந்தது. காசநோய் பயமும் இருட்டுக் குடியிருப்புகளும் வாட்டிய நகரங்களில், பெரிய கண்ணாடிச் சன்னலும் தட்டையான கூரையும் வெள்ளைச் சுவரும் ஆரோக்கியத்தின் அடையாளமாகின. வால்டர் குரோப்பியஸ் டெஸ்ஸாவில் கட்டிய பௌஹவுஸ் பள்ளி 1926ல் திறக்கப்பட்டது. பாரிஸ் அருகே லெ கொர்பூசியே கட்டிய வில்லா சவோய் 1931ல் முடிந்தது. இரண்டும் அந்த மண்ணுக்கும் வானத்துக்கும் பிறந்த கட்டடங்கள். இவற்றில் ஒன்றைத் தூக்கி வந்து மேலமாசி வீதியில் வைத்தால், பங்குனி முடிவதற்குள் உள்ளே யாரும் இருக்க முடியாது.

நம் பழைய கட்டடங்களுக்கு வெயிலோடு வேறு உறவு இருந்தது. 1636ல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலுக்குள் போனால் நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் பெரும் தூண்கள், அந்தத் தூண்களுக்குப் பின்னால் ஆழமான நிழல். அரண்மனையின் பிரம்மாண்டம் பெரிய அளவில் செய்ததை, சாதாரண வீட்டில் திண்ணையும் பட்டாசாலையும் தாழ்வாரமும் சின்ன அளவில் செய்தன. கூரைக்குக் கட்டைகுத்து மச்சு. தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, அதன்மேல் செங்கலைக் குத்துவாக்கில் அடுக்கி, சுண்ணாம்போடு செங்கல் ஜல்லி கலந்து நாள்கணக்கில் இடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். அவ்வளவு கனமான கூரையில் காலை வெயில் உள்ளே இறங்கி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

பழையதெல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்த வீடுகளின் உள்ளறைகள் இருட்டு. சமையல்கட்டில் புகை. பெண்கள் வாழ்நாளில் பாதியை அந்தப் புகைக்குள் கழித்தார்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எல்லோருக்கும் வேண்டும், அவை மலிவாகவும் வேகமாகவும் வெளிச்சமாகவும் கட்டப்பட வேண்டும் என்று நவீனக் கட்டடக்கலை தந்த வாக்குறுதி உண்மையானது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. கண்ணாடிக்குப் பிறந்த அந்த வாக்குறுதியை வெயில் நாட்டில் எப்படி நிறைவேற்றுவது என்பதுதான் கேள்வி.

நல்ல விடைகளில் ஒன்று நம் பக்கத்திலேயே, புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் கட்டப்பட்ட கோல்கொண்ட் விடுதி. ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரி மூலம் ஒரு லட்ச ரூபாய் கிடைத்ததால், அந்த ஊரை ஒட்டிய கோல்கொண்டாவின் பெயரை வைத்தார்கள். வடிவமைத்தவர் ஜப்பானில் தொழில் நடத்திவந்த அந்தோனின் ரேமண்ட். அவருடைய ஆட்களான ஜார்ஜ் நகஷிமாவும் ஃபிரான்டிசெக் சாமரும் இங்கேயே தங்கிக் கட்டினார்கள். 1937ல் வேலை தொடங்கியது. இந்தியாவின் தொடக்ககால நவீனக் காங்கிரீட் கட்டடங்களில் ஒன்று. கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. குறுகிய பக்கங்கள்தான் கிழக்கிலும் மேற்கிலும். நீண்ட இரண்டு பக்கங்களிலும் கண்ணாடிச் சன்னலே கிடையாது. தரையிலிருந்து கூரை வரை திருப்பித் திருப்பி வைத்துக்கொள்ளும் பலகைகள். காற்று வேண்டுமானால் திற, மழை அடித்தால் மூடு. கூரைத் தளத்துக்கு மேல் வளைந்த காங்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டுப் பரப்பியிருக்கிறார்கள். வெயில் அந்த ஓட்டைச் சுடும், இடைவெளியில் ஓடும் காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போகும், கீழே உள்ள தளத்துக்கு நிழல். குடைக்குள் நிற்கும் வீடு என்றால் சரியாக இருக்கும். லண்டனில் இந்த விஷயத்துக்குப் பாடத்திட்டம் எழுதப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது நம் கடற்கரையில் நடந்துவிட்டது.

லண்டனில் அந்தப் பாடம் 1954ல் வந்தது. ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் கல்லூரியில் வெப்பமண்டலக் கட்டடக்கலைக்குத் தனித் துறை திறந்தார்கள். பின்னணியில் மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதி. மேற்கு ஆப்பிரிக்காவில் பள்ளிகளும் கல்லூரிகளும் கட்டியவர்கள்; 1951க்குப் பிறகு லெ கொர்பூசியேவோடு சண்டிகரில் வேலை செய்தவர்கள். துறையை வளர்த்தெடுத்தவர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த பெர்லின்காரர், 1939 முதல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர், சுதந்திரத்துக்குப் பின் இந்திய அரசின் வீட்டுவசதி இயக்குநர், புவனேஸ்வரத்துக்குத் திட்டம் போட்டவர். ஆக, லண்டனில் கற்பிக்கப்பட்டதில் பெங்களூருவில் கற்றதும் கலந்திருந்தது. இதை நாம் மறக்கக் கூடாது. ஐரோப்பாவிலிருந்து வந்த அறிவு என்று பேசப்படும் பலவற்றில் நம் மண்ணும் நம் கொத்தனார்களும் சொல்லிக்கொடுத்த பாடம் இருக்கிறது, பெயர்தான் இல்லை.

அந்தத் துறையின் பெரிய பங்களிப்பு, வெப்பநாடு என்பது ஒன்றல்ல என்று பிரித்துக் காட்டியது. புழுக்கமான கடலோரத்தில் சுவர் கனமாக இருந்து பயனில்லை. காற்று ஓட வேண்டும், வியர்வை உலர வேண்டும். வறண்ட உள்நாட்டில் கனமான சுவரும் சின்னத் திறப்புகளும் பகல் வெக்கையை வெளியே நிறுத்தும். மதுரை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர். மே மாதத்தில் 40 டிகிரி, வறண்ட காற்று. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் புழுக்கமும். ஆண்டு மழை ஏறக்குறைய 850 மில்லிமீட்டர், அதிலும் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ப்பது. கொழும்பில் இதைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெய்யும். அதனால் கொழும்பின் விடை அப்படியே மதுரைக்குப் பொருந்தாது. ஆனாலும் அந்த விடை எப்படிக் கிடைத்தது என்று தெரிந்துகொள்வது நமக்கு உதவும்.

இலங்கையின் கதை, அந்நாட்டின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவில் தொடங்கவில்லை. மினெட் டி சில்வாவில் தொடங்குகிறது. 1918ல் கண்டியில் பிறந்தவர். பம்பாயிலும் பிறகு லண்டனிலும் படித்து, 1948ல் பிரிட்டிஷ் அரச கட்டடக்கலைக் கழகத்தின் அசோசியேட் ஆனார். அந்தத் தகுதி பெற்ற முதல் ஆசியப் பெண். நாடு திரும்பி, கண்டியில் மலைச்சரிவில் கருணாரத்ன குடும்பத்துக்கு வீடு கட்டினார். 1951ல் முடிந்த அந்த வீட்டில் காங்கிரீட்டும் கண்ணாடிக் கட்டியும் உண்டு, உள்ளூர்ப் பாய் நெசவும் சுடுமண் ஓடும் உண்டு. ஒரு பெண் சொல்வதைக் கேட்டு வேலை செய்ய அன்றைய ஒப்பந்தக்காரர்களுக்குத் தயக்கம் இருந்த காலம். 1950களின் இறுதியில் கண்டி வட்டபுலுவையில் அரசு ஊழியர்களுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் அமைத்தபோது, குடியேறப் போகிறவர்களிடம் முன்கூட்டியே கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார். சமையல் எப்படி, பூஜை எங்கே, எத்தனை பேர் படுப்பீர்கள் என்ற வகையில் வாழ்க்கையைக் கேட்டு அதிலிருந்து வீட்டை வரைந்தார். இன்று நம் ஊரில் வீடு கட்டித் தருகிறவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள்? மினெட்டுக்குக் கிடைக்க வேண்டிய பெயர் அவர் வாழ்நாளில் கிடைக்கவில்லை. 1998ல் இறந்தார்.

அவரோடு வேலை செய்ய 1958ல் டென்மார்க்கிலிருந்து வந்த உல்ரிக் பிளெஸ்னர், பின்னர் கொழும்புக்கு வந்து ஜெஃப்ரி பாவாவோடு சேர்ந்தார். பாவா முதலில் வழக்கறிஞர். 1948ல் பெந்தோட்டைக்கு அருகே லுனுகங்க என்ற தோட்டத்தை வாங்கி அதைச் சீரமைக்கப் போன இடத்தில்தான் தனக்குப் பிடித்த வேலை இது என்று கண்டுகொண்டார். மறுபடி படிக்கப் போய், 1957ல் 38 வயதில் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார். பிற்காலத்தில் அவருடைய அலுவலகத்தில் பங்காளியாக இருந்து கட்டுமானப் பொறியியலைத் தாங்கியவர் பூலோகசுந்தரம் என்ற தமிழர்.

தொடக்கத்தில் பாவாவும் லண்டனில் படித்ததைத்தான் கட்டினார். வெள்ளைச் சுவர், தட்டையான கோடுகள், காங்கிரீட் சல்லடை. கொழும்பு மழை அதை விட்டுவைக்கவில்லை. இரண்டு பருவமழை போனால் வெள்ளைச் சுவரில் கரும்பாசி படரும், நீர் வடிந்த தடம் தெரியும். அந்தத் தோல்வியை அவர் ஒத்துக்கொண்டார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். வகுப்பில் படித்ததை மழை வந்து திருத்தியது. அவர் மழையின் பக்கம் போனார். பெரிய கூரை திரும்பி வந்தது. சுவரைத் தாண்டி நீண்டு இறங்கும் இறவாரம் வந்தது.

1960 முதல் 1962 வரை கொழும்பில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு திருப்புமுனை. நகரத்துச் சின்ன மனை. வழக்கமான பங்களா முறைப்படி நடுவில் வீட்டை வைத்துச் சுற்றிலும் தோட்டம் விட்டால் தோட்டமும் உதவாது, வீடும் தெருவைப் பார்த்து நிற்கும். பாவா வீட்டை மதில் வரை தள்ளிவிட்டு, நடுவில் முற்றத்தைத் திறந்தார். அறைகள் எல்லாம் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தைப் பார்த்துத் திறந்தன. நம் பக்கத்து நாட்டுக்கோட்டை வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் ஏதும் தெரியாது. ஆனால் 1960ல் படித்த ஒரு கட்டடக் கலைஞர் முற்றத்தைப் பழமை என்று ஒதுக்காமல், நெரிசலான நகரத்துக்கு ஏற்ற நவீன விடை என்று எடுத்துக்கொண்டது புதிது.

இன்னொரு காரணமும் இருந்தது: பற்றாக்குறை. 1960களில் இலங்கையில் அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. வெளிநாட்டுக் கண்ணாடியும் இரும்பும் பொருத்துசாமான்களும் இறக்குமதியில் கட்டுப்படுத்தப்பட்டன. கையில் இருந்தது ஓடு, மரம், கல், சுண்ணாம்பு, அவற்றைத் தெரிந்த ஆசாரிகளும் கொத்தனார்களும். பாவாவின் அலுவலகம் ஒரு எளிய உத்தி செய்தது: நெளிந்த சிமெண்ட் ஷீட்டை முதலில் போட்டு, அதன்மேல் நாட்டு அரைவட்ட ஓட்டைப் பரப்புவது. ஷீட் மழையைத் தடுக்கும், ஓடு வெயிலைத் தடுக்கும். மலிவு, ஒழுகாது, பார்க்கவும் ஊர்க் கூரை. (அன்றைய சிமெண்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, கோல்கொண்டின் பலகைகளிலும் இருந்தது. அதை இன்று பின்பற்றக் கூடாது. கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.) 1982ல் கொழும்பை ஒட்டிய ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை நகரில் திறக்கப்பட்ட நாடாளுமன்றம் வரை, 1990களில் தம்புள்ளை அருகே பாறையோடு பாறையாகக் கட்டிய கண்டலம விடுதி வரை, இந்தப் பாதை நீண்டது. எல்லோரும் கூரைக்குத் திரும்பிவிடவில்லை. வேலன்டைன் குணசேகர அதே காலத்தில் காங்கிரீட்டைத் துணிந்து வளைத்தார். தங்கல்லையில் அவர் கட்டிய கடலோர விடுதி கப்பலைப் போல் நிற்கும். ஓட்டுக் கூரை பணக்காரர்களின் பழம்பெருமை ஆகிவிடக் கூடாது என்ற அவருடைய கவலையில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

சரி, மதுரைக்கு வருவோம். பாவாவின் கை நம் ஊரில் இரண்டு முறை பட்டிருக்கிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. இலங்கையில் பல ஆண்டுகள் சேவை செய்த அருட்சகோதரர் ஜேம்ஸ் கிம்ப்டன் 1960களின் நடுவில் மதுரைப் பக்கம் வந்து, ஆதரவற்ற சிறுவர்களுக்காக பாய்ஸ் டவுனைத் தொடங்கினார். அதற்கு வரைந்து கொடுத்தவர் பாவா. பிறகு 1970களின் தொடக்கத்தில், வைகையை ஒட்டிய கோச்சடையில் மதுரை கிளப். மதுரா மில்ஸ் 1974ல் மதுரா கோட்ஸ் ஆன, ஆலைச் சங்கின் சத்தத்தில் பாதி ஊர் கண்விழித்த காலம் அது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் சென்னையில் கன்னிமரா ஹோட்டலின் விரிவாக்க வேலையையும் அவர் செய்தார். கோச்சடை கிளப் இன்று ஹெரிடேஜ் மதுரை என்ற விடுதியாக இருக்கிறது.

அங்கே போனால் முதலில் கட்டடம் கண்ணில் படாது, மரங்கள்தான். பிறகு தாழ்ந்து இறங்கும் கூரை, கல்தூண், சுவர் இல்லாத கூடம். வெளியே கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை வெயில் அந்தக் கூரையின் விளிம்பில் நின்றுவிடுகிறது. கொழும்பில் மழைக்காக நீண்ட இறவாரம், மதுரையில் கண்கூச்சத்துக்கும் வெக்கைக்கும் தடுப்பாகிறது. வேலை வேறு, உருவம் அதே. புதுமண்டபத்தில் கடைகள் நடுவே நின்றபோது பட்ட அதே குளுமை என்று எனக்குத் தோன்றியது. கல், ஆழம், திறந்த பக்கங்கள். இன்னொரு திசையிலும் போக்குவரத்து இருந்தது: கொழும்பில் பாவா தனக்கென அமைத்த வீட்டில் செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன. மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் இடிக்கப்பட்டு விலைக்குப் போன வீடுகளின் தூண்கள் கடல் தாண்டி மரியாதை பெற்றன.

பெரிய பெயர்கள் இல்லாமலும் இந்த வேலை நம் ஊரில் நடந்தது. சுதந்திரத்துக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் கட்டிய அரசுப் பள்ளிகளையும் அலுவலகங்களையும் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரே வரிசையில் அறைகள், முன்னால் நீள வராண்டா, பின்சுவரில் சிமெண்ட் ஜாலி என்ற துளைச் சல்லடை, சன்னலுக்கு மேல் சன்ஷேட், அதற்கும் மேலே கூரையடியில் காற்றுப்போக்கி. வரைந்தவர்கள் பொதுப்பணித் துறையின் பெயர் தெரியாத வரைவாளர்கள். நான் படித்த பள்ளியும் அப்படித்தான். மின்விசிறி இல்லாத வகுப்பில் 60 பேர் உட்கார்ந்திருந்தோம். ஜாலி வழியாக வந்த காற்றும், தரையில் நகர்ந்துகொண்டே போகும் அதன் பூ நிழலும் இன்றும் நினைவில் இருக்கின்றன. அண்மையில் போய்ப் பார்த்தேன். ஜாலியைச் செங்கல் வைத்து அடைத்து, வராண்டாவுக்குக் கம்பிக் கதவு போட்டு, அலுமினியச் சன்னல் வைத்திருக்கிறார்கள். தூசி வருகிறது, புறா வருகிறது, பாதுகாப்பு இல்லை என்று காரணம் சொன்னார்கள். காரணங்கள் பொய்யில்லை. ஆனால் உள்ளே பிள்ளைகள் வேர்த்து நனைந்திருந்தார்கள்.

அப்புறம் என்ன நடந்தது? காங்கிரீட்டை எடுத்துக்கொண்டோம், அதோடு வந்த நிழலை விட்டுவிட்டோம். மனை விலை ஏற ஏற முதலில் போனது முற்றம், அடுத்தது திண்ணை, பிறகு சன்ஷேட்டின் அளவு. ஒன்றரை அடி சன்ஷேட் இப்போது வழக்கம். சாலையோர வணிகக் கட்டடங்களில் அதுவும் போய் கண்ணாடியும் ஏசிபி என்ற அலுமினியப் பூச்சுத் தகடும் வந்தன. அவை மேற்குப் பார்த்து நின்றால் மாலை முழுவதும் ஏசி ஓடியே தீர வேண்டும். மின்சாரம் நின்ற நிமிடம் அந்தக் கட்டடத்தின் உயிரும் நின்றுவிடும்.

சன்ஷேட் கணக்கை யாரும் எளிதாகப் போட்டுப் பார்க்கலாம். தெற்குச் சன்னலை எடுத்துக்கொள்வோம். மார்கழியில் சூரியன் தெற்கே மிகவும் சாய்ந்திருக்கும்போதும், மதுரையில் நடுப்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து 56 டிகிரி உயரத்துக்குமேல் நிற்கிறது. இரண்டடி சன்ஷேட் அப்போது மூன்றடி உயரச் சன்னலுக்கு நிழல் தரும். வடக்குச் சன்னலுக்கு ஆனியிலும் கவலை குறைவு, நடுப்பகலில் சூரியன் தலைக்கு அருகிலேயே நிற்கும். மேற்குச் சன்னல்தான் வம்பு. சித்திரையில் மாலை நாலேகால் மணிக்குச் சூரியன் 31 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அதே இரண்டடி சன்ஷேட், சன்னலின் மேல் பகுதியில் ஓரடியையும் சில அங்குலத்தையும் மட்டும் மறைக்கும். மிச்சம் முழுவதும் வெயில் நேராகக் கட்டில்வரை வரும். ஐந்து மணிக்கு அந்த ஓரடியும் இல்லை. மேற்கில் படுத்த சன்ஷேட்டால் பயனில்லை. வராண்டா, ஜாலி, நின்ற பலகை, மரம் இவற்றில் ஒன்று வேண்டும். கோல்கொண்ட் தன் குறுகிய பக்கத்தை மேற்குக்குக் காட்டி நிற்பதன் காரணம் இதுதான்.

கூரைக் கணக்கும் இப்படித்தான். ஐந்தங்குலக் காங்கிரீட் தளம் பகலில் குடித்த சூட்டைச் சில மணி நேரம் கழித்து உள்ளே கக்கத் தொடங்கும். அதாவது நாம் வேலை முடிந்து வந்து படுக்கும் நேரத்துக்கு. மாடியில் தண்ணீர் தெளிப்பதும், மொட்டைமாடியில் பாய் விரிப்பதும் நம் தெருக்களில் இந்தக் கூரைக்குச் செய்யும் அன்றாடப் பரிகாரங்கள். தளத்துக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டு இன்னொரு மெல்லிய கூரை இருந்தால் பிரச்சினையின் பெரும்பகுதி தீரும். வெள்ளைப் பூச்சும் நன்றாக உதவும், செலவும் குறைவு.

என் தம்பி ஆனையூரில் ஒன்றரை சென்ட் மனையில் வீடு கட்டியபோது முற்றத்துக்கு இடம் இல்லை. மனை மேற்குப் பார்த்தது, தெருவும் அங்கேதான். எல்லோரும் செய்வதுபோல் தெருப்பக்கம் படுக்கையறையும் பெரிய சன்னலும் என்று வரைபடம் வந்திருந்தது. மேஸ்திரியோடு உட்கார்ந்து பேசினோம். “அண்ணே, முகப்பு மொட்டையா தெரியுமே” என்று அவருக்கு முதலில் தயக்கம். கடைசியில் படிக்கட்டையும் குளியலறையையும் மேற்கே தள்ளி, படிக்கட்டுச் சுவரை முழுக்கச் சுடுமண் ஜாலியாக வைத்தார். படுக்கையறை கிழக்கே போனது. மாடியில் இரும்புக் குழாய் நட்டு ஷீட் போட்டு, அதன்மேல் இடித்த வீட்டிலிருந்து வாங்கிய பழைய நாட்டு ஓட்டைப் பரப்பினோம். போன சித்திரையில் சாயங்காலம் போயிருந்தேன். வெளிச்சுவரில் கை வைக்க முடியவில்லை. படிக்கட்டில் ஜாலி நிழலுக்கு நடுவே தம்பி மகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.